முதல் தூண்டில் எந்தக் கரையில்?

ஜனவரி பிறந்துவிட்டால் கனடாவில் இருக்கும் உறவுகள் அனுப்பும் வீடியோக்களில் ஒன்று தவறாமல் இருக்கும். உறைந்துபோன ஏரியின் நடுவில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பனிக்கட்டியில் துளைத்த ஓட்டைக்குள் ஆளுக்கொரு தூண்டிலை இறக்கி, மீன் இழுக்கும்வரை காத்திருப்பார்கள். டொரன்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிம்கோ ஏரி இதற்குப் பேர்போனது. அதைப் பார்க்கும் தோட்ட இளைஞர் மன்றப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "நுவரெலியாவிலும் பனி விழுகிறதுதானே அண்ணே, நாங்களும் இப்படிப் போகலாமா?"

பனிக்கட்டியில் மீன்பிடிக்க நம் மலைநாட்டில் வழியில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், மேகமில்லாத இரவுகளில் புல்லின் மேலும் உருளைக்கிழங்குச் செடிகளின் மேலும் உறைபனி படிகிறது. வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. தண்ணீர் அப்படி ஓர் இரவில் உறைவதில்லை. பகலில் வாங்கிய சூட்டை அது மெல்ல மெல்லத்தான் விடும். ஆள் நடக்கும் அளவுக்கு ஏரி உறைய வேண்டுமானால் குளிர் பூச்சியத்துக்குக் கீழே நாட்கணக்கில் நிற்க வேண்டும். நம் ஊரில் மதியம் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டிய வெயில் வந்துவிடுகிறது.

ஆனாலும் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. பிள்ளைகள் உண்மையில் கேட்பது பனிக்கட்டியை அல்ல. எல்லோரும் சேர்ந்து தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார வேண்டும், ஆளுக்கொரு மீனாவது பிடிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அதை இங்கேயே நிறைவேற்றலாம். எங்கே போவது என்பதில்தான் மன்றங்கள் அவசரப்படுகின்றன. பஸ் பிடித்து நேரே காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகலாம் என்று ஒருவர் சொல்வார், நுவரெலியா நகரத்துக் கிரகரி வாவிதான் அழகு என்பார் இன்னொருவர், ஓட்ட ஆற்றில்தான் மீன் ருசி என்று மூத்தவர் ஒருவர் சொல்வார். ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: முதல் பயணத்துக்கு இடம் தேடும்போது மீனைப் பார்க்கக் கூடாது, கரையைப் பார்க்க வேண்டும்.

இதைப் பனிக்கட்டி மீன்பிடிக்காரர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். அவர்கள் புதியவர்களை ஏரிக்குக் கூட்டிப்போகும்போது முதலில் தூண்டிலை எடுப்பதில்லை. ஒரு பெரியவர் முன்னால் போய், இரும்புக் கம்பியால் அடிக்கொரு தடவை பனிக்கட்டியைக் குத்திப் பார்க்கிறார். நடந்து போகிறவருக்குத் தெளிவான, கெட்டியான பனிக்கட்டி குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பாவது இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. வெண்மையாகத் தெரியும் பனிக்கட்டிக்குப் பலம் ஏறத்தாழ பாதிதான் என்பதால் அதில் இரு மடங்கு தடிப்பு பார்க்கிறார்கள். ஓடை வந்து கலக்கும் இடத்திலும் ஊற்று உள்ள இடத்திலும் அடியில் தண்ணீர் அசைவதால் பனிக்கட்டி மெலிந்திருக்கும். அந்தப் பக்கம் பிள்ளைகளை விடுவதே இல்லை. அதன் பிறகுதான் துளை போடுவார்கள். கைநீளத் தூண்டிலை நேர்கீழே இறக்கினால் போதும், வீசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே இடத்தில், பெரியவரின் கண்முன்னே இருப்பார்கள். புதியவர்களுக்கு அது இவ்வளவு நன்றாக அமைவதற்குக் காரணம் இவைதான்: காலடி சோதிக்கப்பட்டிருக்கிறது, தூண்டில் எளிமையானது, கூட்டம் சிதறவில்லை. நம் மலையில் இந்த மூன்றும் எங்கே கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

ஆறுகளை முதலிலேயே கழித்துவிடலாம். தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் நீர்த்தேக்கம் கொள்ளளவில் சிறியது. மேலே நுவரெலியாப் பக்கம் ஒரு மழை அடித்தால் சீக்கிரமே நிரம்பிவிடும், வான்கதவுகளைத் திறப்பார்கள். மழைக்காலத்தில் "வான்கதவுகள் திறக்கப்பட்டன, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்" என்ற செய்தியைப் படிக்காத வாரமே இருக்காது. அணைக்குக் கீழே பாறை மேல் உட்கார்ந்திருப்பவருக்கு வானத்தில் ஒரு மேகமும் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஆறு ஏறிவிடும். இது மேல் கொத்மலைக்கு மட்டும் உரிய ஆபத்தல்ல. களனி கங்கையின் கிளைகளான கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா இரண்டிலும் அணைகளும் மின்நிலையங்களும் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கீழ்ப்புறமெல்லாம் இதே கதைதான். அனுபவமுள்ள ஒரு பெரியவர் தனியே போய்த் தூண்டில் போடுவது அவருடைய விருப்பம். முதல் தடவை வரும் இருபது பிள்ளைகளை அங்கே வரிசையாக உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

அடுத்தது டிரவுட் ஆசை. வெள்ளைக்காரத் துரைமார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தங்கள் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் விட்ட மீன் அது. அதைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அங்கே நினைத்தபடி தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மற்ற மலை ஓடைகளிலும் யோசிக்க ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் நம் ஓடைகளில்தான் வாழ்கின்றன. அவற்றில் சில சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. எது எந்த மீன் என்று அடையாளம் தெரியாத பிள்ளை கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் போத்தலில் போட்டுக்கொண்டு வரும். ஓடையைப் பார்ப்பதற்காக வேறொரு நாள் கூட்டிப்போகலாம், தூண்டில் இல்லாமல்.

இனி நீர்த்தேக்கங்கள். காசல்ரீ 1965இலும் மவுஸ்ஸாக்கலை 1969இலும் அணை கட்டி உருவானவை. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் போகும் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே போதும், காசல்ரீ எவ்வளவு தூரம் கூடவே வருகிறது என்பது தெரியும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை இத்தகைய நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சுகளை விடுகிறது. வலை போட்டுப் பிழைக்கும் மீனவர்களும் இருக்கிறார்கள். மீனின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நீர்த்தேக்கம்தான் முதலிடம். அதில் எனக்கு மறுப்பில்லை.

கரைதான் பிரச்சினை. மின்சாரத்துக்காகத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். மழை பெய்தால் ஏறும். ஜனவரி முதல் மார்ச் வரையான வரண்ட மாதங்களில் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு வெற்றுச் சேற்று வளையம் உண்டாகிறது. வெயிலில் அதன் மேற்பரப்பு காய்ந்து, கட்டங் கட்டமாக வெடித்து, சாம்பல் நிறத்தில் உறுதியாகத் தெரியும். ஆட்டுக்குட்டி ஓடும், நாய் ஓடும். அதைப் பார்த்து ஒரு பையன் இறங்குவான். ஐந்தாறு அடி வைத்ததும் மேல் ஓடு உடைந்து கால் முழங்கால்வரை உள்ளே போய்விடும். இழுக்க இழுக்க மற்றக் காலும் இறங்கும். செருப்பு உள்ளேயே நின்றுவிடும். நம் மலையின் மெல்லிய பனிக்கட்டி இந்தக் காய்ந்த சேறுதான். கனடாக்காரர் இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பதுபோல இங்கே ஒருவர் தடித்த கம்போடு முன்னால் நடந்து குத்திப் பார்க்க வேண்டும். கம்பு அரையடிக்கு மேல் சும்மா இறங்கினால் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும்.

மலைச் சரிவுகளை மூழ்கடித்து உருவானவை என்பதால் தண்ணீருக்குள்ளும் கரை சமமாக இறங்குவதில்லை. இடுப்பளவு நிற்கும் இடத்திலிருந்து ஓர் எட்டு தள்ளி வைத்தால் ஆளை மூடும் ஆழம் இருக்கலாம். மவுஸ்ஸாக்கலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. கடும் வரட்சியில் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். அவற்றைப் பார்க்கவே சனம் திரளும். அழகான காட்சிதான். ஆனால் இடிந்த சுவரும் அத்திவாரமும் தூண்டில் முள்ளையும் மாட்டும், காலையும் மாட்டும். மலையகத்து நீர்த்தேக்கங்களில் குளிக்கப் போன இளைஞர்கள் திரும்பவில்லை என்ற செய்தி எத்தனை வீடுகளைக் கலைத்திருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. கற்றுக்கொடுக்க ஒரு தடாகமும் பக்கத்தில் கிடையாது.

படகில் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. மீனவரின் சிறு வள்ளம் அவருக்கும் அவருடைய வலைக்கும் அளந்து செய்தது. அதில் நான்கு பிள்ளைகளை ஏற்றி, ஒருவன் மீனைக் கண்டு எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீர்த்தேக்கத்தை முழுதாகக் கைவிடவும் வேண்டாம். மாலையில் விரித்த வலையை விடியற்காலையில் எடுத்துக்கொண்டு மீனவர் கரைக்கு வரும் நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் நிறுத்துங்கள். எந்த மீன் எவ்வளவு பெரியது, வலைக்கண்ணில் எப்படிச் செவுள் மாட்டுகிறது, எந்த அளவு மீனைத் திருப்பி விடுகிறார்கள் என்று அவரே சொல்வார். வயது வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய பாடம். கரையில், மேட்டில் நின்றபடி.

கிரகரி வாவிக்கு வருவோம். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் உருவான வாவி. நகரத்துக்குள் இருப்பதால் நானுஓயா ரயில் நிலையத்தில் இறங்கி, பஸ்ஸில் வந்துவிடலாம். ஒரு பகுதியில் கரை கட்டப்பட்டிருக்கிறது, நடைபாதை இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, ஏதாவது நடந்தால் வைத்தியசாலை பக்கத்தில். கழிப்பறையைச் சிறிய விடயமாக எடுக்க வேண்டாம். பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்புவார்களா, மாட்டார்களா என்பது பல நேரங்களில் அதில்தான் தங்கியிருக்கிறது. மீன்பிடிப் பயணம் என்றதும் பையன்களின் பயணம் என்று தானாகவே முடிவாகிவிடும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒதுங்க இடமில்லாத காட்டுக் கரையைத் தெரிவுசெய்யும்போதே மன்றத்தின் பாதிப் பேரை வீட்டில் நிறுத்திவிடுகிறோம்.

இவ்வளவு வசதி இருந்தும் கிரகரி எனக்கு இரண்டாம் இடம்தான். விடுமுறை நாளில், அதிலும் ஏப்ரல் வசந்த காலத்தில், கரை முழுக்கச் சனம். படகும் குதிரையும் குழந்தைகளும் போகும் இடத்தில் தூண்டில் முள்ளை ஆட்டிக்கொண்டிருக்க முடியாது. எங்கே தூண்டில் போடலாம், போடவே கூடாதா என்பதை மாநகர சபையிடம் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றியிருக்கும் மரக்கறித் தோட்டங்களின் உரமும் மருந்தும் நகரத்தின் கழிவும் வந்து சேரும் வாவி என்பதால், அங்கே பிடித்த மீனைச் சமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்றும் உண்டு. திலாப்பியா ஆபிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, 1952இல் இலங்கைக்கு வந்த சூட்டுத் தண்ணீர் மீன். நுவரெலியாவின் குளிரில் அது மந்தமாகிவிடும். அங்கே கெண்டையைத்தான் நம்ப வேண்டும். கெண்டை பொறுமைசாலி. இரையை உறிஞ்சும், துப்பும், மறுபடி வரும். முதல் நாளிலேயே ஒரு மணி நேரம் அசையாத தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருக்காது.

எஞ்சியிருப்பது பலர் கணக்கில் எடுக்காத இடம்: தோட்டத்துக் குளம். தேயிலை நாற்றுமேடைக்குத் தண்ணீர் பாய்ச்சவோ தொழிற்சாலைத் தேவைக்கோ எப்போதோ கட்டிய சிறு குளங்கள் பல தோட்டங்களில் இருக்கின்றன. சிலவற்றில் மீன்குஞ்சு விட்டிருக்கிறார்கள். சிலவற்றில் யாரோ கொண்டுவந்து விட்ட திலாப்பியா தானாகவே பெருகியிருக்கிறது. பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. "இதைப் பார்க்கவா போகிறோம், இங்கேதானே தினமும் மாடு தண்ணீர் குடிக்கிறது" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மேலே சொன்ன மூன்று தேவைகளோடு வைத்துப் பாருங்கள். ஒரு கரையில் நின்றால் மறுகரையில் இருப்பவரின் முகம் தெரிகிறது, கூட்டம் சிதறாது. நீண்ட மூங்கில் கம்பை இறக்கி ஆழத்தை முழுவதுமாக அளந்துவிடலாம். லயத்து வீடுகளிலிருந்து நடந்தே போகலாம் என்பதால் பஸ் செலவு இல்லை. சாப்பாட்டை வீட்டிலிருந்து சூடாகக் கொண்டுவரலாம். பெண்பிள்ளைகளுக்கு வீடு கூப்பிடு தூரம். நாட்கூலியில் குடும்பம் நடத்தும் பெற்றோரிடம் பயணத்துக்குக் காசு கேட்கத் தயங்கும் பிள்ளை, இந்தத் திட்டத்தில் பின்தங்காது.

எல்லாக் குளமும் ஏற்றதல்ல. லயத்துக்குக் குடிநீர்க் குழாய் போகும் குளமாக இருந்தால் அதைத் தொடவே கூடாது. மதகு இருக்கும் மூலையில் தண்ணீர் உள்ளிழுக்கும். கல் கட்டு முழுக்கப் பாசி பிடித்து வழுக்கும். அந்த மூலைக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, அதில் சிவப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். குளத்துக்கு மேலே இருக்கும் மலையில் களைகொல்லியோ மருந்தோ அடித்திருந்தால், மழையோடு அது இறங்கும்; அந்த வாரம் போக வேண்டாம், மீனைச் சாப்பிடவும் வேண்டாம். எப்போது அடித்தார்கள் என்பதைக் கணக்கப்பிள்ளையிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ கேட்டால் சொல்வார்கள். தோட்ட முகாமையாளருக்கு மன்றத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுப்பது கட்டாயம். யார் பொறுப்பு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவோம் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நலன்புரி உத்தியோகத்தர் வழியாகக் கொடுத்தால் இன்னும் சுலபம்.

மீன் இருக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது. இரண்டு நாள் முன்னதாக, வெயில் ஏறிய நேரத்தில் குளத்துக்குப் போய், பாண் துண்டுகளைப் பிய்த்து மூன்று நான்கு இடங்களில் போட்டுவிட்டு, நிழல் தண்ணீரில் விழாதபடி தள்ளி உட்காருங்கள். எந்த இடத்தில் வளையம் எழும்பிப் பாண் துண்டு காணாமல் போகிறதோ, அங்கேதான் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். ஒரு மணி நேரமாகியும் பாண் அப்படியே ஊறி அமிழ்ந்தால் வேறு குளம் பாருங்கள்.

தூண்டிலிலும் தெரிவு இருக்கிறது. கடையில் விற்கும் சுழல் பொருத்திய தூண்டிலைப் பார்த்ததும் இளைஞர்களின் கண் அதில்தான் நிற்கும். தூரத்துக்கு வீசலாம், கைக்கும் கம்பீரம். ஆனால் வீசும்போது முள் முதலில் பின்னால் போகிறது. பின்னால் நிற்பது நண்பனின் முகம், அல்லது தேயிலைச் செடி. முதல் பயணத்துக்கு வெறும் மூங்கில் கம்பு போதும். எட்டு முதல் பத்து அடி நீளம். நுனியில் கட்டும் தங்கூசி, அதாவது நைலோன் நூல், கம்பின் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. அப்போது கம்பை நிமிர்த்தினால் முள் தானாகக் கைக்கு வரும், பக்கத்தில் இருப்பவரிடம் போகாது. இரண்டு பிள்ளைகளுக்கு இடையே இரண்டு கம்பு நீளம் விடுங்கள். பனிக்கட்டித் துளைக்குள் நேர்கீழே இறக்குவதற்கு நாம் கண்டுகொள்ளக்கூடிய மிகக் கிட்டிய முறை இதுதான். மேலே மின்கம்பி போகும் இடத்தில் ஈர மூங்கிலை நிமிர்த்தக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்; நம் மலைகளில் கம்பி போகாத திசை குறைவு.

முள்ளைக் கவனியுங்கள். தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, பின்பக்கம் பார்த்தபடி ஒரு சிறு கீற்று எழும்பியிருக்கும். அகப்பட்ட மீன் நழுவாமல் பிடித்து வைப்பது அதுதான். விரலில் ஏறினால் வெளியே வரவிடாமல் சதையைக் கிழிப்பதும் அதுதான். குறட்டின் மூக்கால் அந்தக் கீற்றை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். ஒரு பஞ்சுத் துண்டில் குத்தி இழுத்துப் பாருங்கள்; நார் மாட்டாமல் வழுக்கி வெளியே வந்தால் சரி. சில மீன்கள் தப்பிப்போகும். போகட்டும். விரலில் ஏறிய முள் ஏறிய வழியே திரும்பி வந்துவிடும். காயத்தைக் கழுவி, ஏற்புத் தடுப்பூசி போட்டுக் காலமாகியிருந்தால் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ பட்டால் மட்டும் இழுக்கவே வேண்டாம். அப்படியே அசையாமல் வைத்து, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். குளக்கரையில் எங்கே நின்றால் தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கிறது என்பதை முதல் நாளே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது நான் பிடிவாதமாக நிற்கும் கணக்கு. அதற்கு மேலே இன்னொருவர் வேண்டும். அவர் தூண்டிலைத் தொடக் கூடாது, இரை கோத்துக் கொடுக்கக் கூடாது, தொலைபேசியில் படம் எடுக்கக் கூடாது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவருடைய வேலை. காற்றடித்த லொறி டியூப் ஒன்றும் அதில் கட்டிய நீளமான கயிறும் அவர் கையில் இருக்க வேண்டும். யாராவது விழுந்தால் முதலில் கம்பை நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் டியூபை எறிய வேண்டும். யாரும் பின்னால் குதிக்கக் கூடாது. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்கிய சம்பவங்கள் நம் நாட்டில் ஏராளம். பிள்ளைகள் தூண்டிலைக் கையில் எடுப்பதற்கு முன்பே, கரையில் நின்று ஒரு தடவை இந்த டியூப் எறிதலைச் செய்து பாருங்கள். அவர்களுக்கு அது விளையாட்டாகவே இருக்கும்.

இரைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மாட்டுத் தொழுவத்தின் பின்பக்கம் கிளறினால் மண்புழு. கோதுமை மாவைத் தண்ணீர் விட்டு இறுக்கமாகப் பிசைந்தால் உருண்டை. திலாப்பியாவுக்கு இரண்டுமே பிடிக்கும். தக்கை லேசாகத் துடித்து, பிறகு ஒரே இழுப்பாகப் பக்கவாட்டில் ஓடினால் அது திலாப்பியா. துடிக்கும்போதே இழுத்தால் இரை மட்டும் போய்விடும். ஓடும்போது மணிக்கட்டை மட்டும் நிமிர்த்தினால் போதும். அதன் முதுகு முள் கூர்மையானது. நனைத்த கையால் தலைப்பக்கமிருந்து பின்னோக்கித் தடவி முள்ளைப் படிய வைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

பிடித்ததை என்ன செய்வது என்பதைப் போவதற்கு முன்பே மன்றத்தில் பேசி முடிவெடுங்கள். சாப்பிடுவதற்கென்றால், வாளியில் மணிக்கணக்காகத் துடிக்க விடாமல் உடனே தலையில் அடித்துக் கொல்ல வேண்டும். அதை ஒரு பெரியவர் செய்யட்டும். விடுவதற்கென்றால், அதே குளத்தில்தான் விட வேண்டும். திலாப்பியாவை ஓடையில் கொண்டுபோய் விடுவது அந்த ஓடையின் சிறு மீன்களுக்கு நாமே எதிரியை அனுப்பி வைப்பதாகும். கையில் காலில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளை தண்ணீரில் இறங்க வேண்டாம்; எலிக்காய்ச்சல் அப்படித்தான் உடம்புக்குள் போகிறது. அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும் எடுத்துப்போவது நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய விடயமல்ல.

நாளைத் தெரிவுசெய்வதில் மன்றங்கள் ஒரு தவறு செய்கின்றன. பள்ளிக்கூடமும் தோட்டவேலையும் இல்லாத நாள் என்று பௌர்ணமி நாளை எடுத்துவிடுகிறார்கள். போயா நாளில் இறைச்சிக் கடைகளே பூட்டியிருக்கும். கீழே விகாரையில் சில் எடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போது மேலே குளத்தில் நாம் மீன் பிடிப்பது அழகல்ல. நம் வீடுகளிலும் வெள்ளி, செவ்வாய் மரக்கறிதான். ஆகவே ஞாயிறு. மார்ச் முடிவதற்குள் போய்விடுவது நல்லது, ஏனென்றால் மார்ச் கடைசி முதல் பின்னேரங்களில் இடி மின்னல் தொடங்கிவிடும். மே முதல் தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் கொட்டித் தீர்க்கும். நீர்த்தேக்கப் பக்கம் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். சனி, ஞாயிறு நாட்களில் நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களில் நிற்கவும் இடமிருக்காது.

விடியற்காலையிலேயே பிள்ளைகளை எழுப்பி இழுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் திலாப்பியா அசையாது; ஒன்பது மணிக்கு வெயில் குளத்தில் இறங்கிய பிறகுதான் அது இரை தேடும். ஒன்பது மணிக்குத் தொடங்கி, பன்னிரண்டரைக்குக் கம்புகளைக் கட்டி வைத்துவிட்டு, ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயுமாகக் கரையில் உட்காருங்கள். இடி ஒன்று காதில் விழுந்தாலே போதும், மூங்கிலைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரை விட்டு விலக வேண்டும். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் போன பின்பே திரும்பலாம்.

ஒரு பருவம் குளத்தில் கழிந்தால், கம்பைப் பிடிக்கவும் முள்ளைக் கழற்றவும் சொன்ன இடத்தில் நிற்கவும் பழகிய பிள்ளைகள் யார் என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு அவர்களைச் சிறு குழுவாக, உயிர்காப்பு அங்கி இருந்தால் மட்டும், காசல்ரீயின் உறுதியான ஒரு கரைக்குக் கூட்டிப்போகலாம். சேற்றைக் குத்திப் பார்க்கும் கம்பை அவர்களில் ஒருவர் கையிலேயே கொடுக்கலாம். கிரகரியை அதற்கு இடையில், சனம் குறைந்த ஒரு வார நாளில், கெண்டைக்காகக் காத்திருக்கும் பொறுமை வந்தவர்களுக்காக வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டுக்கு மார்ச் முதல் ஞாயிறை எடுத்து, அதற்கு அடுத்த ஞாயிறையும் மாற்று நாளாகக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். வியாழன், வெள்ளியில் பலத்த மழை பெய்து குளம் கலங்கியிருந்தால் தக்கையும் தெரியாது, ஆழமும் தெரியாது. தயங்காமல் மாற்று நாளுக்குத் தள்ளிவிடுங்கள். அதைச் சனி மாலைக்குள் ஒவ்வொரு லயத்துக்கும் போய்ச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மூன்று பிள்ளைகள் கம்பைத் தூக்கிக்கொண்டு தாங்களாகவே குளத்துக்குப் போய்விடுவார்கள்.